எட்டும் எட்டும் நாலு

என் அண்ணனை எல்லோரும் எட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது, அவ்வளவுதான். பாட்டுக் குழுக்களுக்கு பாஸ் பாக்ஸ், அதாவது அடிச் சத்தம் தருகிற ஸ்பீக்கர் பெட்டி, செய்து கொடுப்பதும், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பதும், எந்த ஆம்ப்ளிஃபயருக்கு எந்த பாக்ஸ் சேரும் என்று ஜோடி பார்த்துக் கொடுப்பதும் அவர் தொழில். கல்யாணத் தரகருக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கத் தெரியாது.

யார் பாக்ஸ் கேட்டு வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். "உங்க ஆம்ப்ளிஃபயர் எத்தன ஓம் வரைக்கும் எறங்கும்?"

வந்தவர் விழிப்பார். "எத்தன வாட்டுன்னு கேளுங்க, சொல்றேன்."

"வாட்டுங்கறது ஆள் எவ்வளவு பலசாலிங்கறது. அவன் தலையில எத்தன மூட்டைய ஏத்தப் போறீங்கன்னு நான் கேக்கறேன். சரி, ஒரு எட்டு ஓம் பாக்ஸ் வச்சிருக்கீங்க. பக்கத்துல இன்னொரு எட்டு ஓம் பாக்ஸச் சேர்த்து மாட்டறீங்க. மொத்தம் எத்தன?"

"பதினாறு."

"நாலு," என்று சொல்லிவிட்டு மீசைக்குள் சிரிப்பார்.

முதல் தடவை கேட்டபோது நானும் பதினாறு என்றுதான் சொன்னேன். ஐந்து வகுப்பு படித்தவளுக்கு அந்தக் கணக்குகூடத் தெரியாதா என்று கோபமும் வந்தது. அண்ணன் என்னைப் பட்டறை வாசலில் நிறுத்திச் சொன்னார். "ஓமுங்கறது தடை. இந்த அறைக்குள்ள நூறு பேர் இருக்காங்கன்னு வையி. ஒரு வாசல்னா நெரிசல். பக்கத்துலயே அதே அளவு இன்னொரு வாசல் வச்சா நெரிசல் பாதியாகுமா ஆகாதா?"

"ஆகும்."

"தடை பாதியாச்சுன்னா ரெண்டு மடங்கு ஆள் வெளிய ஓடும். அத்தன பேரையும் அனுப்பி வைக்கறது யாரு? ஆம்ப்ளிஃபயர். நாலு வரைக்கும் தாங்கற ஆம்ப்ளிஃபயர்ல மூணு வாசல் திறந்து வச்சா மூச்சு முட்டிச் செத்துப் போவான்."

அன்றிலிருந்து எட்டும் எட்டும் நாலு என்பது எங்கள் வீட்டு வாய்ப்பாடு ஆனது. விருந்தாளி இரண்டு பேர் கூட வந்தால் அண்ணி அடுப்படியிலிருந்து, "ஓம் எறங்குது, அரிசி கூடப் போடணும்," என்பாள்.

அண்ணி வாழ்க்கைப்பட்டது அண்ணனுக்கு மட்டும் இல்லை, அந்தப் பட்டறைக்கும்தான். பலகைக்குப் பசை தடவுவாள். கறுப்புத் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டுவாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்பீக்கரில் வைத்து எண்ணைப் படித்துச் சொல்வதும் அவள்தான். மீட்டர் ஆறு காட்டினால் அது எட்டு ஓம் ஸ்பீக்கர், மூன்றேகால் காட்டினால் நாலு ஓம் ஸ்பீக்கர். இது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அளந்த எண்ணை அண்ணன் வெள்ளைப் பெயின்டில் பாக்ஸின் முதுகில் எழுதி, கீழே சின்னதாகத் தேதி போடுவார். அவருடைய எட்டின் தலை சிறுத்து வயிறு பெருத்திருக்கும். "உங்கள மாதிரியே," என்பாள் அண்ணி.

அடுத்தவர் எழுதிய எண்ணை அண்ணன் ஒருநாளும் நம்பியதில்லை. "முதுகுல எழுதியிருக்கறத நம்பாத, அளந்து பாரு," என்பார். கம்பெனி அச்சடித்து ஒட்டிய பாக்ஸையும் திருகாணியைக் கழற்றி அளந்து பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்.

அண்ணிக்கு நாற்பதாவது வயதில் தலைசுற்றல் வந்தது. ஒரு நாள் மாடிப்படியில் விழுந்தாள். இடது காதின் நரம்பில் கட்டி என்றார்கள். எடுத்தார்கள். கட்டியோடு அந்தக் காதும் போயிற்று. ஒன்று போதும், கடவுள் இரண்டு கொடுத்ததே ஒன்றை வைத்துப் பிழைக்கத்தான் என்று நாங்கள் தேறியிருந்தபோது வலது காதிலும் கட்டி வந்தது.

இந்தக் காது மெல்ல மெல்லப் போயிற்று. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. அழைப்பு மணி, பறவைகள், தண்ணீர் கொதிக்கும் ஒலி. பிறகு என் குரல். பிறகு பெற்ற மகளின் குரல். அண்ணனின் குரல் கட்டையானது என்பதால் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தது. அதுவும் போனபின் அவளுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பட்டறையில் பாஸ் பாக்ஸைச் சோதிக்கும்போது வருகிற அடிச் சத்தம். "டும் டும்னு கேக்குதுங்க," என்று அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். மற்றதற்கெல்லாம் எங்கள் உதட்டைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டாள். முகத்துக்கு நேராக நின்று பேசினால் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

டாக்டர் கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்றார். எடுத்தால் மிச்சமும் போய்விடும், எடுக்காவிட்டால் கட்டி மூளையை அழுத்தி உயிருக்கே ஆபத்து என்றார். எடுக்காமலே இருந்தாலும் திடீரென்று ஒரு நாள் காது நின்றுவிடலாம் என்றும் சொன்னார். அண்ணன் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக் காட்டினார். அண்ணி படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்தாள். "அடுத்த மாசம் பாப்போம்," என்றாள். இப்படி ஏழு அடுத்த மாதம் போயிற்று. வாய்விட்டு மறுக்கவும் மாட்டாள், கிளம்பவும் மாட்டாள். ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்தால் அன்று பார்த்துத் துணி துவைப்பாள்.

நான் தினமும் காலையில் விளக்கின் முன் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். இறைவா, அவள் சம்மதிக்க வேண்டும். எப்படியாவது சம்மதிக்க வேண்டும். அந்த 'எப்படியாவது' என்ற வார்த்தையை நான் சேர்த்திருக்கக் கூடாது என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அண்ணன் மகள் நன்றாகப் பாடுவாள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவள் பாட்டை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாவுக்குக் கேக்காத ஒண்ண எதுக்கு அத்தை பாடணும்?" என்றாள். போன இடத்தில் யாருக்கும் சொல்லாமல் பாஸ் கித்தார் பழக ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கேட்கிற அடிச் சத்தம் அதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். பதினொரு மாதம் பழகினாள். நம் ஊர்த் தொழிலாளர் நலமன்றத்தின் ஆண்டு விழாவில் சிநேகிதிகளோடு வாசிக்கப் போகிறேன், அம்மாவை முன்னால் உட்காரவைத்துக் கேட்கவைக்க வேண்டும் என்று அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா என்னிடம் சொன்னார். அவருக்கு வாயில் எதுவும் தங்காது, அந்த நாட்களில்.

விழா மாலை நான்கு மணிக்கு. அண்ணன் காலையிலேயே மன்றத்துக்குப் போய்விட்டார். மற்ற வாத்தியங்களும் பாட்டும் மன்றத்தின் ஒலிபெருக்கியில், பாஸ் மட்டும் அண்ணனின் ஆம்ப்ளிஃபயரில். அது நானூறு வாட், நாலு ஓம் வரை இறங்கும். எட்டு ஓம் பாக்ஸ் இரண்டு. ஒன்று மேடையில், ஒன்று மூன்றாம் வரிசையில் அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவள் வலது காதுக்கு நேராக. எட்டும் எட்டும் நாலு. ஒரு நூல்கூட மீறாத கணக்கு.

வண்டியிலிருந்து இறக்கும்போது இரண்டாவது பாக்ஸ் படியில் இடித்து, உள்ளே ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. அண்ணன் பதறவில்லை. மன்றத்தின் மூலையில் மன்றத்துக்குச் சொந்தமான பாக்ஸ் ஒன்று நின்றது. அவரே செய்து கொடுத்ததுதான். முதுகைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பெயின்டில் அவருடைய வயிறு பெருத்த எட்டு. சட்டைப் பையில் மீட்டர் இருந்தது. அளக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. தன் கையெழுத்தை யார் அளந்து பார்ப்பார்கள்? தூக்கிக்கொண்டு போய் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். மெல்லிய சத்தத்தில் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

அண்ணியும் நானும் போனபோது நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மேடையில் மகள் கித்தாரோடு வந்து நின்றதைப் பார்த்ததும் அண்ணி என் கையைப் பிடித்தாள். "இவ எங்க இங்க? கையில என்ன அது?" என்று மூன்றாம் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. பின்னால் ஒருவர் சிரித்தார். மகளும் மேடையிலிருந்து சிரித்தாள்.

பாட்டு தொடங்கியது. முதலில் தாளம், பிறகு பாடுகிற பெண். அண்ணிக்கு அதெல்லாம் ஊமைப் படம். பிறகு மகள் விரலை வைத்தாள்.

டும். அண்ணியின் தலை நிமிர்ந்தது. டும், டும் என்று பாக்ஸிலிருந்து ஐந்தாறு தட்டு இறங்கி வந்தது. என் நெஞ்சுக்குள்ளேயே இடித்தது. அண்ணி என் பக்கம் திரும்பி, "அவளா? அவளா வாசிக்கறா?" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் காதை பாக்ஸ் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அத்தோடு நின்றுவிட்டது.

பாட்டு நிற்கவில்லை, பாஸ் மட்டும் நின்றது. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. பாஸ் போனால் பாட்டுக்கு அடியில் தரை போன மாதிரி என்று அண்ணன் சொல்வார், ஆனால் தரையை யார் குனிந்து பார்க்கிறார்கள்? மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரில் பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதும், அண்ணன் மண்டியிட்டு அதன் முதுகைத் தொட்டுக் கையை உதறிக்கொள்வதும் எனக்குத் தெரிந்தது. சூடான வார்னிஷ் வாசனை மூன்றாம் வரிசை வரை வந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். நடுவில் நிறுத்தினால் குழுவுக்கு அவமானம் என்று சத்தமில்லாத கம்பிகளிலேயே வாசித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி கண்ணைத் திறந்தாள். மகளின் விரல்கள் ஓடுவதைப் பார்த்தாள். பாக்ஸைப் பார்த்தாள். வலது காதை உள்ளங்கையால் மூடித் திறந்தாள், மறுபடி மூடித் திறந்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்துச் சிரித்த முகமாகவே கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

அண்ணன் வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார். நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணி பேசிவிட்டாள்.

"நல்லா வாசிச்சா, இல்ல? எல்லாரும் எப்படித் தட்டறாங்க. எனக்குத்தான் பாதியில போயிடுச்சுங்க. டாக்டர் சொன்ன மாதிரியே பட்டுன்னு நின்னுடுச்சு. பரவாயில்ல, அஞ்சாறு தட்டு கேட்டுட்டேன்." அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "இனிமே எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கணும்? நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. வெட்டட்டும்."

அண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. ஏழு மாதம் யார் சொல்லியும் வராத சம்மதம். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கேட்டதை இறைவன் கொடுத்துவிட்டார், எப்படிக் கொடுப்பார் என்று நான் கேட்டுவைக்கவில்லை. அண்ணன் வாயை மூடினார். சரி என்று தலையாட்டினார்.

மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்த மகளை அவர் வழியிலேயே பிடித்துக்கொண்டார். நானும் போனேன்.

"ஆம்ப் போயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. வேற ஆம்ப் கொண்டு வந்து இன்னொரு தடவ வாசிக்கறேன்."

"வேண்டாம்."

"ஏன்? நாளைக்கே வாசிக்கலாமே."

"சொன்னா, நாளைக்குக் கேட்டுட்டு அடுத்த மாசம்னு சொல்லுவா. கேட்டுட்டா விடவே மாட்டா. உங்கம்மா எனக்கு வேணும்."

"அதுக்காகப் பொய்யா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார் அண்ணன். சொல்லாததுதான் பொய் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் மன்றத்துக்குப் போய் அந்த பாக்ஸைத் திறந்து அளந்திருக்கிறார். மீட்டர் மூன்றேகால் காட்டியது. நாலு ஓம். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் முன்பு கிழிந்த ஸ்பீக்கரை மாற்றியபோது கைவசம் இருந்தது நாலு ஓம்தான். மன்றத்து ஆம்ப்ளிஃபயர் இரண்டு வரை தாங்கும் என்பதால் மாட்டிவிட்டு, எண்ணை அழித்து எழுதப் பெயின்டைக் குழைத்தபோது போன் வந்தது, அண்ணி மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடியவர்தான். அந்த எட்டு அழியாமலே நின்றது. எட்டும் எட்டும் நாலு. எட்டும் நாலும் சேர்ந்தால் மூன்றுக்கும் கீழே.

அதே நாளில் பாக்ஸை வீட்டுக்கு எடுத்து வந்து, மன்றத்துக்குப் பிற்பாடு புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் பட்டறையில் ஒரு பாக்ஸும் பேசவில்லை. வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். ஒரு டும் கேட்டாலும் அண்ணிக்கு உண்மை தெரிந்துவிடும். வாசலில் லாரி போனபோது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "தரை ஆடுது," என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுடைய காதின் கடைசி எட்டு நாளை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பூட்டி வைத்தோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போயிற்று. காது உண்மையிலேயே போயிற்று.

மகள் கித்தாரை அதன்பின் தொடவில்லை. "அவ்வளவு நல்லா வாசிச்சியேடி, ஏன் விட்டுட்ட?" என்று வரும்போதெல்லாம் அண்ணி கேட்பாள். "நேரம் இல்லம்மா," என்று உதட்டை மெல்ல அசைத்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வருவதும் குறைந்தது.

அண்ணனிடம் நான் ஒரு தடவை சொன்னேன். "இப்பவாவது சொல்லிடுங்கண்ணே. மனசுல எதுக்கு இத்தன பாரம்?"

"சொன்னா எனக்கு எறங்கும். அத்தனையும் அவ தலையில போய் ஏறும்," என்றார். "நானே தாங்கறேன். நாலு வரைக்கும் தாங்குவேன்."

தாங்கினார் என்று சொல்ல முடியாது. ஊரைச் சிரிக்க வைத்த மனுஷன் பேச்சைக் குறைத்தார். அண்ணியிடம் பேசும்போது குனிந்து கொள்வார். சாப்பாட்டைப் பார்த்துப் பேசுவார், செருப்பைப் பார்த்துப் பேசுவார். உதட்டைப் படிக்கிறவளிடம் குனிந்து பேசுவது கதவை மூடிவிட்டுப் பேசுவது போலத்தான். அண்ணி கொஞ்ச நாள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஆறு வருஷம். ஒரு காலையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

ஒரு மாதம் கழித்து அண்ணியும் நானும் பட்டறையை ஒழுங்குபடுத்தினோம். கிழிந்த துணி மூட்டைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி அந்த பாக்ஸ் நின்றது. அண்ணி அதை வெளிச்சத்துக்கு இழுத்தாள். வயிறு பெருத்த எட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் புதிதாக ஒரு நாலு. கீழே சின்னதாகத் தேதி. ஆண்டு விழாவுக்கு அடுத்த நாள்.

பழக்கம். எண் எழுதினால் தேதி போடாமல் அவருக்குக் கை வராது.

அண்ணி தேதியை விரலால் தடவினாள். பாக்ஸின் ஓரத்தில் மன்றத்து முத்திரையைப் பார்த்தாள். அவளுடைய உதடு அசைந்தது. எட்டும் நாலும். பட்டறைக்காரி, கணக்கு அவளுக்குத் தெரியாதா? மேஜையிலிருந்து மீட்டரை எடுத்தாள், இரண்டு முனையையும் வைத்தாள், எண்ணைப் பார்த்தாள்.

"மூணேகால்," என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அன்னிக்கு எனக்குக் காது இருந்துச்சு, இல்ல?"

இனியும் ஒளிக்க என்னால் ஆகவில்லை. தலையாட்டினேன். குனியாமல், என் உதட்டை அவள் படிக்கும்படி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எட்டு நாளையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அவருக்கு என்னைத் தெரியும்," என்றாள். மீட்டரின் முனைகளை பாக்ஸிலிருந்து எடுத்தாள். "ஆறு வருஷம் என் முகத்தப் பாக்கலியே அவர். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? செவிட்டுப் பொண்டாட்டியோட மாரடிச்சு மனுஷனுக்கு அலுத்துப் போச்சுன்னு. அதனால நானும் அவர் பக்கம் போறத விட்டுட்டேன். கடைசி நாள் காலையில டீய மேஜையில வச்சுட்டு முகத்தப் பாக்காமதான் வந்தேன்."

"அப்படி இல்ல அண்ணி."

"முதுகுல எழுதியிருக்கறத நம்பாதன்னு ஊருக்கெல்லாம் சொன்னார். அவர் மூஞ்சில எழுதியிருந்தத நான் அப்படியே நம்பிட்டேன்." மீட்டரின் கம்பிகளைச் சுற்றினாள். சுற்றியது பிரிந்தது, மறுபடி சுற்றினாள். "நானும் அளந்து பாக்கலியே."

வெளியே ஒரு லாரி போயிற்று. பட்டறைத் தரை அதிர்ந்தது. அண்ணி உள்ளங்கையை அந்த பாக்ஸின் மேல், கோடு போட்ட எட்டின் மேல் வைத்து, அதிர்வு அடங்கிய பிறகும் எடுக்காமல் நின்றாள்.